பதினோராம் அறையின் வரிசைகள்

1967 ஜூன் ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு, கெய்ரோவுக்கு வடக்கே உள்ள ஒரு சிறையில் அறைதோறும் ஒரு காகிதம் கொடுக்கப்பட்டது. இஸ்ரேலுடனான போரில் அதிபருக்குத் துணை நிற்கிறோம் என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

பதினோராம் அறையில் நாங்கள் இருபத்திரண்டு பேர். எல்லோரும் அதிபர் தடை செய்த ஒரே மத இயக்கத்துக்காகப் பிடிபட்டவர்கள். தொழுகையை முன்னின்று நடத்துபவர் ஷவ்கி, தன்தா ஊரில் கணக்கு வாத்தியார். அவர் மனைவி சமீஹாவின் தம்பி ஹில்மி, விவசாயக் கல்லூரி மாணவன். இரண்டு வருடமாக மச்சானுக்கு அடுத்த பாயில் படுத்தவன்.

ஷவ்கி முதலில் கையெழுத்துப் போட்டார். மொத்தம் பதினான்கு பேர் போட்டோம். ஹில்மி போடவில்லை.

"யாருக்குப் போட்டீங்க மச்சான்?"

"ஊர்மேல குண்டு விழுதுடா. நாட்டுக்குப் போட்டேன்."

"உங்களைத் தலைகீழாத் தொங்கவிட்டவனுக்குப் போட்டீங்க." வலது கையை நீட்டினான். மூன்று விரல்களில் நகம் இல்லை. "இதைப் பிடுங்கினவன், பாங்கு கேட்டதும் குறடைக் கீழ வச்சுட்டுத் தொழப் போனான். வந்து மிச்சத்தைப் பிடுங்கினான். அவனும் முஸ்லிமா?"

"அதைத் தீர்மானிக்க நீ யாரு, நான் யாரு? படைச்சவன் பாத்துக்குவான்."

"நான் உங்களைத்தான் கேட்டேன்."



அன்று மதியத் தொழுகைக்கு ஹில்மி எதிர்ச் சுவர்ப் பக்கம் போய் நின்றான். கையெழுத்துப் போடாத மற்ற ஏழு பேரும் அவன் பின்னால் நின்றார்கள். கொடுங்கோலனை ஆதரித்தவன் மதத்தைவிட்டுப் போய்விட்டான், அவன் பின்னால் தொழுதால் தொழுகை சேராது என்றான். கையெழுத்துப் போட்டது தப்புதான், ஆனால் அவர்களும் முஸ்லிம்கள்தானே என்று அந்த ஏழில் மூன்று பேர் சொன்னார்கள். மதத்தைவிட்டுப் போன காபிரைக் காபிர் என்று சொல்லாதவனும் காபிர் என்று ஹில்மி அவர்களையும் விலக்கினான். அப்படியே ஒவ்வொருவராக ஜூலை முடிவதற்குள் அவன் பின்னால் நிற்க ஒரே ஆள்தான் மிச்சம்: மாவு மில் குமாஸ்தா வஜீஹ்.

"இன்னும் நாலு நாள் போனா, அவன் பின்னால அவனே நிக்கமாட்டான்" என்றார் தையல்காரர் பயூமி. எல்லோரும் சிரித்தோம். ஷவ்கி சிரிக்கவில்லை. சமீஹாவின் தாய் சாகும்போது தம்பியை ஒப்படைத்தது அவரிடம்தான்.

ஆகஸ்டில் சந்திப்புக்கு அனுமதி கிடைத்தது. சமீஹா புருஷனுக்கும் தம்பிக்குமாக ஒரே கூடையில் ரொட்டியும் பொரித்த வாத்தும் கொண்டுவந்தாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருவரும் நின்றார்கள், நடுவே காவலாள். வலையின் கோடியில் நான்.

"அறுத்தது யாரு?" என்றான் ஹில்மி.

"நான்தான்டா. நேத்து காலையில, அல்லா பேரைச் சொல்லி. உனக்குப் பிடிச்ச தொடையா ஒதுக்கி வச்சிருக்கேன்."

"இந்த ஆளு இப்ப உன் புருஷன் இல்லக்கா. நிக்காஹ் முறிஞ்சிடுச்சு. ஊருக்குப் போய்ச் சித்தப்பா வீட்ல இரு."

சமீஹா ஷவ்கியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"பைத்தியமாடா உனக்கு? ரெண்டு பேரும் வெளிய வரணும்னு நான் வாரத்துல நாலு நாள் நோன்பு இருக்கேன். நீ என்னைத் தலாக்கு வாங்கச் சொல்றியா?"

"போகமாட்டியா?"

"மாட்டேன்."

"அப்ப நீயும் அவன் கூட்டந்தான். நீ அறுத்தது எனக்கு ஆகாது."

கூடையைத் தொடாமல் திரும்பினான். வஜீஹும் சாப்பிடவில்லை. மற்ற இருபது பேரும் வாத்தைப் பங்கிட்டுத் தின்றோம். தொடை ஷவ்கியின் தட்டில் ராத்திரிவரை கிடந்தது.

1971-இல் எல்லோரையும் விட்டார்கள். ஹில்மி அக்காவின் வீட்டுக்குப் போகவில்லை. கெய்ரோவின் ஓரத்தில் வாடகை அறைகள் எடுத்து, ஐம்பது அறுபது பேரைச் சேர்த்தான். ஐந்து வருடம் கழித்து வஜீஹ் அவனிடமிருந்து விலகினார். விலகியவன் மதம் மாறியவன் என்று ஹில்மி தீர்ப்புச் சொன்னான். அவன் ஆட்கள் வஜீஹை வீட்டு வாசலில் கத்தியால் குத்திக் கொன்றார்கள்.

அந்தக் கொலைக்காக 1978 மார்ச்சில் ஹில்மி தூக்கிலிடப்பட்டான். உடலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் சமீஹா. இறுதித் தொழுகையை ஷவ்கி நடத்தினார். அவர் பின்னால் ஒரே வரிசை. ஒன்பது பேர் நின்றோம்.