காணாமல் போன காலி ஃபோல்டர்

என் தம்பிக்கு வாய் நீளம். கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள் ஒன்றை எழுதிவிட்டு, "முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் என் சொந்த மூளை" என்று அலுவலகம் முழுக்கத் தம்பட்டம் அடித்தான். அலுவலகம் என்றால் நாங்கள் இரண்டு பேரும் கால் ஆடும் ஒரு மேசையும்தான். அவன் எழுதுவான், நான் அதில் குற்றம் கண்டுபிடிப்பேன். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழகிய வேலை.

வெளியிடுவதற்கு முந்தின நாள் சோதித்தேன். சுருக்கி விரித்தால் எல்லாம் பத்திரமாக வந்தது. காலியாக இருந்த ஃபோல்டர் மட்டும் காணோம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு மென்பொருளும் காலி ஃபோல்டரை இப்படித்தான் விழுங்கும். இரண்டின் நிரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முக்கியமான பகுதி வரிக்கு வரி ஒன்றாக இருந்தது.

"ஏன்டா, காப்பியடிக்கிறவன் தப்பையும் சேர்த்தா அடிப்பான்?"

அவன் முகம் செத்துவிட்டது. "யார் வேணா எடுத்துக்கலாம்னுதான் அதை எழுதினவர் போட்டிருக்காரு, அக்கா."

"பேரைச் சொல்லி எடுத்துக்கச் சொல்லியிருக்காரு. நீ உன் பேரைப் போட்டிருக்கே."

"அவர் பேரைப் போட்டா, அப்புறம் என்னுதுன்னு சொல்ல என்ன இருக்கு?"

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் பாதி வழியிலேயே திரும்பிப் போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. முதல் திரையில் அந்த மனிதர் பெயரைப் போடவைத்து, மன்னிப்புக் கேட்டு அவருக்கு மின்னஞ்சலும் அனுப்பவைத்தேன்.

மறுநாள் பதில் வந்தது. "நன்றி தம்பி. ஆனா அந்தத் தப்பு என்னுது இல்ல. நான் யார்கிட்ட எடுத்தேனோ அவரோடது. உங்க மெயிலைப் பார்த்துட்டு நானும் இப்பதான் அவர் பேரைப் போட்டேன். தப்போட மல்லுக்கட்டி நான் ஓய்ஞ்சு போயிட்டேன். உங்களால முடிஞ்சா சரிபண்ணுங்க."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. வெளியீட்டைத் தள்ளிவைத்துவிட்டு, சோறு தண்ணி இல்லாமல் அந்தத் தப்பின் பின்னாலேயே கிடந்தான். கடைசியில் அகப்பட்டது. ஒரு சின்னத் திருத்தம், காலி ஃபோல்டர் போனபடியே திரும்பி வந்தது. அதை அந்த மனிதருக்கும் அனுப்பினான்.

அவருடைய அடுத்த பதிப்பு வந்த அன்று நான்தான் முதலில் திறந்தேன். திரையில் அவர் பெயர், அவருக்கு முன்னால் எழுதியவர் பெயர், அதற்குக் கீழே என் தம்பியின் பெயர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்ப அடிடா தம்பட்டம்."

அவன் வாயே திறக்கவில்லை.