பதிவேட்டில் இருபத்து மூன்று புள்ளிகள்

மருமகள் விசாரணைக் கூட்டத்தில் பேசுவதற்குப் பெயர் கொடுத்துவிட்டாள் என்பது மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளும் நானும் நேருக்கு நேர் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது.

வேலை செய்யும் இடங்களில் காசநோய் தொற்றாமலிருக்க என்னென்ன விதிகள் வேண்டும் என்று அரசாங்கம் ஒரு வரைவு வெளியிட்டிருந்தது. பொதுமக்கள் அறுபது நாட்களுக்குள் கருத்து எழுதி அனுப்பலாம். விசாரணைக் கூட்டத்துக்கு நேரில் வந்து மூன்று நிமிடம் பேசவும் செய்யலாம். பேசுகிறவர் தன் பெயர், வேலை, வீட்டு முகவரி மூன்றையும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவதுதான் என்னைச் சாப்பிடவிடாமல் செய்தது. அது என் முகவரி.

"உன் பொண்டாட்டி நம்ம வீட்டு நம்பரை மைக்குல சொல்லப் போறாளாமே?" என்று மகனிடம் கேட்டேன். அவள் இரண்டடி தள்ளி நின்று தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்களே கேளுங்கப்பா. பக்கத்துலதான நிக்கறா."

"நான் எதுக்குக் கேக்கணும்? உனக்குத்தான கட்டி வெச்சேன்."

அவள் குழாயைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கும் அதே நம்பர்தான். வீடு யார் பேருல இருக்குன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க."

"இவ ரெண்டு மாசம் வெளியூருக்குப் பயிற்சிக்குப் போயிருந்தான்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இப்ப மாத்திச் சொன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வெளிய போறது?"

"பயிற்சிதான மாமா. மாடி ரூம்ல ரெண்டு மாசம். சுவத்தைப் பாத்துக்கிட்டே சாப்பிடற பயிற்சி."

மகன் மோரைக் குடிப்பது போலத் தம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். அதில் மோர் தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது.

அவள் மார்பு நோய் மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அந்தக் கூடத்தில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி பதினான்கு மாதமாக ஓடவில்லை. விசிறி இருந்த ஓட்டையில் அட்டையை வைத்து அடைத்திருந்தார்கள். அவளுக்கு நோய் வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமும் ஆகிவிட்டாள். மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே இனி தொற்றாது என்றும், எப்படியும் தம்ளர் வழியாக இது பரவாது என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனாலும் அவள் தம்ளரின் கழுத்தில் நான் ஒரு நூலைக் கட்டி வைத்தேன். அந்த நூல் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அவிழ்க்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

அதே மருத்துவமனையில்தான் நான் முப்பத்தோரு வருடம் தலைமை எழுத்தராக இருந்தேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ஸ்கேல்' என்று பெயர். கோடு கோணலாக இருந்தால் பக்கத்தையே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்பதால் வந்த பெயர். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

ஊழியர்களின் நோய் விடுப்புப் பதிவேடு என் பொறுப்பு. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. காசநோய் வந்த ஊழியர்களுக்கு அந்தக் கட்டத்தில் நான் 'சோர்வு' என்று எழுதிவந்தேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. முதலில் எழுதியது என் தம்பிக்காக. எக்ஸ்ரே அறையில் நோயாளிகளைத் தாங்கிப் பிடித்து நிறுத்துகிற வேலை அவனுக்கு. பதிவேடு மேஜைமேல் கிடக்கும். தேநீர் கொண்டுவருகிறவன்கூடப் புரட்டிப் பார்ப்பான். அந்த நோயின் பெயருக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பப் பெயரை எழுத என் கை வரவில்லை. தம்பிக்குச் செய்ததை மற்றவர்களுக்குச் செய்யாமலிருந்தால் அது பாரபட்சம். ஆகவே எல்லோருக்கும் சோர்வு.

ஆனால் என் கையெழுத்தில் ஒரு தவறான பதிவு இருக்கிறது என்பதும் எனக்குப் பொறுக்காது. அப்படிப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் நேராக, ஓரத்தில், சிவப்பு மையால் ஒரு சிறு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளியின் பொருள் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தம்பி நோய் வந்த மூன்றாம் வருடம் இறந்துபோனான்.

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு மருத்துவமனை நிர்வாகத்தின் வக்கீல் தொலைபேசியில் கூப்பிட்டார். "பழைய பதிவேடு நீங்க எழுதினதுதான்னு சபையில ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஐயா. வேற ஒண்ணுமே வேண்டாம்."

ஓய்வு பெற்று எட்டு வருடத்தில் அங்கிருந்து வந்த முதல் அழைப்பு அது. வருகிறேன் என்றேன். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு வாய் எழாது என்பதும் என் கணக்கு.

மண்டபத்தில் இருநூறு நாற்காலி இருக்கும். மேடையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள்தான் தலைவி. மூன்று நிமிடம் ஆனதும் அவரே மணியை அடிப்பார். நான் முன்வரிசையில் வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருமகள் பின்னால் சுவரோரம் இருந்தாள். மகன் எங்கள் இருவருக்கும் சரியாக நடுவில் ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்திருந்தான். அவன் வாழ்க்கையே அந்த நாற்காலிதான்.

முதலில் ஒரு சிறைக்காவலர் பேசினார். நாற்பது பேர் படுக்க வேண்டிய அறையில் நூற்றுப்பத்துப் பேர் இருமுகிறார்கள், உள்ளே போகிற எங்களுக்கு ஒரு கைக்குட்டைதான் கவசம் என்றார். அடுத்து வந்த ஒரு பெரியவர் தன் தெருவில் குப்பை அள்ளுவதில்லை என்று தொடங்கினார்.

"ஐயா, இது காசநோய் விதி பத்தின கூட்டம்" என்றார் தலைவி.

"தெரியும்மா. ஆனா மைக் கொடுத்தது நீங்கதான். குப்பைக்கு எவனும் மைக் கொடுக்க மாட்டேங்கறான்."

சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மருமகளின் முறை பதினேழு. பதினாறு வக்கீலுடையது.

அவர் எழுந்ததும் விளக்குகளை அணைத்து, என் பதிவேட்டைத் திரையில் காட்டினார்கள். என் கையெழுத்து ஒரு சுவர் அகலத்துக்கு வளர்ந்து நின்றது. சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"முப்பத்தோரு வருஷப் பதிவு. ஒரு அடித்தல் இல்ல, ஒரு திருத்தல் இல்ல" என்றார் வக்கீல். "இதுல காசநோய்ங்கற வார்த்தை ஒரே ஒரு தடவைகூட வரல. அதுக்கு அப்புறமும் இன்னிக்கு வரைக்கும் வரல. வராத நோய்க்கு விசிறி எதுக்கு, வருஷா வருஷம் பரிசோதனை எதுக்கு, சம்பளத்தோட விடுப்பு எதுக்கு?"

பின்வரிசையில் யாரோ, "பொய்" என்றார்கள். தலைவி மணியைத் தொட்டார்.

"பொய்யா உண்மையான்னு எழுதினவரே வந்திருக்கார், கேளுங்க. ஆனா ஒண்ணு." வக்கீல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு அப்புறம் பரிசோதனைக் கூடத்து ஊழியர் ஒருத்தங்க பேசப் போறாங்க. அவங்களுக்கு நோய் வந்தது உண்மையா இருக்கலாம். மருத்துவமனையிலதான் வந்ததுன்னு என்ன நிச்சயம்? வீட்டுலேர்ந்து வந்திருக்கலாம். சில வீடுங்க அப்படித்தான். சுத்தம் கிடையாது, காத்து கிடையாது, பரம்பரையா இருமிக்கிட்டிருப்பாங்க."

பேசப்போகிறவள் யார் வீட்டுப் பெண் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார். திரையில் அப்போது தெரிந்த பக்கத்தின் நான்காவது வரி என் தம்பியுடையது. என் வீட்டில் யாரும் இருமிக்கொண்டு பிறக்கவில்லை. அவன் அந்த எக்ஸ்ரே அறைக்குப் போகும்போது இரண்டு மூட்டையை ஒரே தோளில் தூக்குகிறவன்.

"ஐயா, பதிவேடு உங்களுடையதுதானே?" என்று தலைவி கேட்டார்.

எழுந்தேன். பெயரைச் சொன்னேன். வேலையைச் சொன்னேன். வீட்டு முகவரியை, கதவு எண்ணோடு, யாரும் கேட்கத் தவறாதபடி நிறுத்திச் சொன்னேன்.

"பதிவேடு என்னுடையது. 'சோர்வு'ன்னு எழுதியிருக்கறது தப்பு. ஓரத்துல சிவப்புப் புள்ளி தெரியுதா?"

"மைத்துளி அது" என்றார் வக்கீல்.

"என் பேனா சிந்தாது. இருபத்து மூணு புள்ளி இருக்கு. இருபத்து மூணும் டி.பி. எல்லாரும் ஊழியர்கள். வார்டு, எக்ஸ்ரே அறை, பரிசோதனைக் கூடம், இந்த மூணு இடத்துலதான் வேலை பாத்தாங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் வரல. எங்க ஆபீஸ்ல எட்டு ஜன்னல்."

வக்கீல் என் பக்கம் குனிந்து சிரித்தார். "ஐயாவுக்கு வயசாயிடுச்சு. ஞாபகம் கொஞ்சம்..."

"வயசு எனக்குத்தான் ஆச்சு. புள்ளிக்கு ஆகல. எண்ணிப் பாருங்க."

"பெயர்களைச் சொல்ல முடியுமா?" என்று தலைவி கேட்டார்.

"மத்தவங்க பேரைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. அவங்க வீட்டுல கேட்டு, சம்மதிச்சா எழுதித் தரேன். இந்தப் பக்கத்துல நாலாவது வரி என் தம்பி. அவன் பேரைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு. அதை இப்பவே எழுதிக்குங்க. அப்புறம், அடுத்துப் பேசப் போறது என் மருமக. சுத்தம் இல்லாத வீடுன்னு வக்கீல் சொன்னது என் வீட்டை. அவர் எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம். செருப்பை வெளிய விட்டுட்டு வரணும்."

உட்கார்ந்தபோது என் வலப்பக்கத்து ஆள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். தம்பி இறந்து முப்பத்து நான்கு வருடம் ஆகிறது. நான் இருமக்கூட இல்லை. அந்தக் காலி நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். மருமகள் வந்து நின்றாள். பெயர், வேலை சொன்னாள். முகவரியை, "இப்ப சொன்னாரே, அதே" என்றாள். விசிறி நின்ற தேதியைச் சொன்னாள். எழுதிக்கொடுத்த ஐந்து புகார்களின் தேதியைச் சொன்னாள். அட்டை எந்தப் பெட்டியிலிருந்து வெட்டப்பட்டது என்பதைக்கூடச் சொன்னாள். வெறும் கையுறைப் பெட்டி. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. என்னைப் போலவே பேசுகிறாள் என்று தோன்றியது. அது பிடிக்கவில்லை.

கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"ஐயா இருபத்து மூணு புள்ளின்னு சொன்னார். நான் அதுல இல்ல. போன மாசம் என் பதிவைப் போய்ப் பாத்தேன். 'சோர்வு'ன்னுதான் இருக்கு. இவருக்கு அப்புறம் வந்த எழுத்தருக்கு அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்தது இவர்தான். புள்ளி வைக்கச் சொல்லிக் கொடுக்கல. இந்த எட்டு வருஷத்துல எத்தனை பேருன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. அதனால என்ன நோய்ங்கறதை அதே பேரால எழுதணும்ங்கறதையும் விதியில சேருங்க. நல்ல மனசுக்காரங்க யாரும் மாத்தி எழுத முடியாதபடி சேருங்க."

மணி அடித்தது. அவள் அதற்கு முன்பே முடித்திருந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் மூவரும் நின்றோம். மகன் வழக்கம்போல நடுவில்.

"அப்பா உனக்காகத்தான எழுந்து பேசினார்?" என்று மெதுவாக அவளிடம் சொன்னான்.

"எனக்காகவா? வக்கீல் வீட்டைப் பேசினார், எழுந்தார். என்னை மட்டும் பொய்க்காரின்னு சொல்லியிருந்தா உக்காந்தே இருந்திருப்பார்."

அவள் சொன்னது முழுக்கச் சரியா என்று எனக்கே தெரியவில்லை. பேருந்து வந்தது.

வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது. அக்கா. யாரோ மண்டபத்திலிருந்தே சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

"என்னடா தம்பி, சபையில போய் இப்படியா மானத்தை வாங்குவே? அவன் செத்தது எதுலன்னு என் பசங்களுக்கே நான் சொன்னதில்ல. இப்ப ஊரே கேக்குமே, நான் என்ன பதில் சொல்ல?"

"டி.பி.ன்னு சொல்லு."

"வாய் வருமாடா எனக்கு? ரெண்டு பேருக்கும் ஏதோ சோர்வுன்னு சொல்லி வெக்கட்டுமா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த வார்த்தைய இனி நம்ம குடும்பத்துல யாரும் சொல்லக் கூடாது" என்றேன். "தம்பிக்கும் டி.பி. மருமகளுக்கும் டி.பி. ரெண்டு பேருக்கும் அங்க வேலை பாத்து வந்தது. உனக்கு வாய் வரலைன்னா எழுதி அனுப்பறேன். கேக்கறவங்ககிட்ட படிச்சுக் காட்டு."

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டாள். சமையலறையில் மறுபடி பாத்திரச் சத்தம் தொடங்கியது, முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.