ஆறு பேர் அல்லது டீச்சர்

கொரோனாவிலிருந்து குணமாகி வீடு திரும்பிய விளையாட்டு டீச்சர் லிப்டில் தன்னந்தனியாக ஏறியபோது, ஆள் அதிகம் என்று மணி அடித்தது. ஆறு பேர் தாராளமாகப் போகிற லிப்ட் அது. டீச்சர் வெளியே வந்தார், மணி நின்றது. உள்ளே போனார், அடித்தது. கைப்பையை வெளியே வைத்துப் பார்த்தார், செருப்பைக் கழற்றிப் பார்த்தார், மூச்சைக்கூடப் பிடித்துப் பார்த்தார். மணி மசியவில்லை. படியேறி, உட்கார்ந்து, மறுபடி ஏறி, ஐந்தாவது மாடியிலிருக்கும் தன் வீட்டுக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

இதே டீச்சர் அதுவரை அந்த லிப்டைத் தொட்டதே கிடையாது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டே, லிப்டுக்குக் காத்து நிற்பவர்களைப் பார்த்து விசில் ஊதிக் கேலி செய்கிறவர். காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு, காய்ச்சலுக்குப் பிறகு இன்னும் இளைத்திருந்தது. எடை மெஷினில் நின்றால் முள் பாதி தூரம்கூடப் போகவில்லை. கட்டில் முனகவில்லை, நாற்காலி நெளியவில்லை. அவரைச் சுமந்துகொண்டு போக வேண்டியவற்றுக்கு மட்டுமே அந்தக் கனம் தெரிந்தது. டாக்ஸியில் உட்கார்ந்தால் நாலு டயரும் அமுங்கின. டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னும் யாரும்மா வரணும்?" என்று கேட்பார். "எல்லாரும் வந்தாச்சுப்பா, நீ எடு" என்பார் டீச்சர்.

லிப்ட் மெக்கானிக் வந்தார். சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி ஓட்டினார், ஓடியது. கட்டடத்திலேயே பெருத்த ஆறு பேரைப் பொறுக்கி ஏற்றினார், ஓடியது. அப்படிப் பொறுக்கியதில் இரண்டு குடும்பங்களுக்கு ஏற்பட்ட மனஸ்தாபம் இன்றுவரை தீரவில்லை. பிறகு டீச்சரை ஏற்றினார், மணி அடித்தது. "மிஷின்ல கோளாறு இல்ல சார். மேடம்தான் ஓவர்லோடு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். டாக்டர் ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார், ஊதச் சொன்னார், நடக்கச் சொன்னார், "எல்லாம் நார்மல்மா" என்றார். பாவம், அவர் படித்த படிப்பில் லிப்ட் வரவில்லை.

டீச்சருடைய அண்ணன் எதிர் வீடு. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். கொரோனா என்பது விளம்பரம் கிடைத்த ஜலதோஷம் என்பது முதல் நாளிலிருந்தே அவருடைய கட்சி. தங்கைக்கு வந்த அதே வாரம் அவருக்கும் வந்து, மூன்றே நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எனக்கும்தான் வந்துச்சு. நான் என்ன லிப்டை நிறுத்திக்கிட்டா உட்கார்ந்திருக்கேன்? எல்லாம் மனசு. நாலு நாள் சோம்பேறித்தனத்தை விட்டா சரியாப் போயிடும்" என்று படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். "அந்த மூணு நாளும் வக்கீலைக் கூப்பிடு, உயில் எழுதணும்னு அழுதது யாராம்?" என்று அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அது காய்ச்சல் வேகம் என்று அண்ணன் கதவைச் சாத்திக்கொள்வார். கெட்ட மனுஷன் இல்லை. அப்பா அம்மா போனபிறகு அவருக்கு மிஞ்சிய கூடப்பிறப்பு இந்த ஒன்றுதான். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டால் ஒன்றுமில்லாமலே போய்விடும் என்று நம்பினார்.

எதிர்க்கட்சிக்கு இரண்டாம் மாடி மருந்துக்கடைக்காரர் தலைவர். செய்தித்தாளைச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டு, நேற்றைய சேதியை இன்று படிக்கிறவர். தலைமுடி கொட்டியது, மிக்ஸி நின்றது, மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தது எல்லாமே அவருக்குக் கொரோனாவின் பின்விளைவு. மாப்பிள்ளையின் கோபம் கல்யாணத்தன்றே இருந்தது என்பது வேறு விஷயம். கடைக்கு வருகிறவர்களையெல்லாம் மாடிக்குக் கூட்டிவந்து டீச்சரைக் காட்டி, "பாருங்க, ஆறாள் கனம். அடுத்த வருஷம் எட்டாகும்" என்பார். இப்படியாகக் கட்டடம் ஜலதோஷக் கட்சி, கனக் கட்சி என்று இரண்டாகப் பிளந்தது. ஒரே வீட்டில் புருஷன் ஒன்று, பெண்டாட்டி ஒன்று. பெண் கேட்டு வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கட்சியைக் கேட்டார்கள். கனக் கட்சி மாடிக்கு ஒரு நாற்காலியாகப் படிக்கட்டில் போட்டது, டீச்சர் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறட்டும் என்று. படிக்கட்டு நடப்பதற்கே, உட்காருவதற்கு அல்ல என்று செயலாளர் உத்தரவு ஒட்டி, அத்தனை நாற்காலிகளையும் தன் கையாலேயே அப்புறப்படுத்தினார்.

அன்று சாயங்காலம் டீச்சர் அண்ணன் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாற்காலி போனாப் போகுதுண்ணே. எனக்கு மருந்து வாங்கித் தர வேணாம், கூட வர வேணாம். நடிக்கறேன்னு மட்டும் சொல்லாத. ஊர் சொன்னா எனக்குக் காதுலயே விழல. நீ சொன்னா ஒரு மாடி கூடிப்போகுது." அண்ணன் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து போட்டார். ஆனாலும் வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது. "நல்லாச் சாப்பிடு, எல்லாம் சரியாயிடும்" என்றது.

சங்கக் கூட்டம் தரைத்தளத்தில் கூடியது. டீச்சரும் வந்திருந்தார், அந்தக் கூட்டத்துக்காக அவர் காலையிலேயே இறங்கத் தொடங்கியிருந்தார். கூச்சல் கூரையைப் பிளந்தது. மருந்துக்கடைக்காரர் ஆறாள் கனம் என்றார், செயலாளர் அரை ஆள் கனம்கூட இல்லை என்றார். பேச்சு முற்றி, செயலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "இவளைச் சின்ன வயசுல தெருத்தெருவா உப்புமூட்டை தூக்கினவன் நான். இப்பவே அஞ்சு மாடியும் தூக்கிக் காட்டறேன், இத்தோட இந்தப் பேச்சு ஒழியட்டும்" என்று படிக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"வேண்டாண்ணே, தாங்க மாட்ட."

"கொசு மாதிரி இருந்துக்கிட்டுப் பேச்சைப் பாரு. ஏறு."

டீச்சர் ஏறிக்கொண்டார். அண்ணன் முதல் படியில் கால் வைத்தார், கல்லில் விரிசல் விட்டது. அந்த விரிசலை இன்றும் பார்க்கலாம். இரண்டாவது படியில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. மூன்றாவதில் அவருடைய முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. இறக்கிவிடச் சொல்லி இரண்டு கட்சியும் சேர்ந்தே கத்தின. கட்டட வரலாற்றில் அவர்கள் ஒன்றாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். மனுஷன் இறக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து, பல்லைக் கடித்து, முதல் திருப்பம்வரை போனார். அங்கே உட்கார நாற்காலி இல்லை, அவரே எடுத்துவிட்டிருந்தார். அதனால் தங்கையோடு சேர்ந்து தரையிலேயே சரிந்தார். மூச்சு திரும்ப வெகுநேரம் பிடித்தது. திரும்பியதும், கீழே நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"இதையா நீ எப்பவும் தூக்கிக்கிட்டு நடக்கற?"

டீச்சர் அண்ணனுடைய நெற்றி வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். "இன்னிக்குக் கொஞ்சம் கம்மிண்ணே" என்றார்.

அண்ணன் அழுதார். வேர்வை என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார். கைத்தாங்கலாகக் கீழே வந்து, கூட்டத்தைப் பார்த்து, "ஜலதோஷம்தான். ஆனா கனமான ஜலதோஷம்" என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு கட்சியும் தாங்களே ஜெயித்ததாகக் கைதட்டின. மறுநாள் காலை ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நாற்காலி இருந்தது. ஐந்தாம் மாடியில் கிடந்தது செயலாளர் வீட்டுச் சோபா. அடுத்த மாதம் சரக்கு ஏற்றும் மோட்டார் ஒன்று வந்து லிப்டில் பொருத்தப்பட்டது. பீரோக்களை மாடிக்கு ஏற்றத்தான் என்று அண்ணன் கடைசிவரை சாதித்தார். யார் வீட்டு பீரோ என்று யாரும் கேட்கவில்லை. லிப்டுக்குள் புதுப் பலகை ஒன்று அடித்தார்கள்: ஆறு பேர் அல்லது டீச்சர்.

வருஷங்கள் ஓடின. டீச்சர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே விசில் ஊதினார், பிள்ளைகள் ஓடினார்கள். கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும்போதே டீச்சர் லிப்டில் போகும் நேரத்தையும் சொல்லிவிடுவார்கள். காலையில் அண்ணனும் தங்கையும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றாக வருவார்கள். டீச்சர் லிப்டுக்குள் போவார். அண்ணன் வாசலில் நின்று ஒரு காலை மட்டும் உள்ளே வைப்பார். மணி அடிக்கும். "சரி, நீ போ" என்று காலை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போவார். மழையோ வெயிலோ, இது தவறியதில்லை.

ஒருநாள் அவர் வழக்கம்போல் ஒரு காலை உள்ளே வைத்தார். மணி அடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த காலைத் தூக்கினார், அடித்தது. சட்டென்று கீழே வைத்துக்கொண்டார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே அப்படியே நின்றார். டீச்சர் கதவு மூடாதபடி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கீழ்மாடிகளில் லிப்டை விடச் சொல்லிக் கதவைத் தட்டினார்கள், ஆபீஸுக்கு நேரமாகிறது என்று திட்டினார்கள். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. ஆசை தீர நின்றுவிட்டு, படியில் இறங்கி, "ஒரு கால் ஏறிடுச்சு, ஒரு கால் ஏறிடுச்சு" என்று மாடிக்கு மாடி சொல்லிக்கொண்டே போனார். இரண்டாம் மாடியில் மருந்துக்கடைக்காரர் ஈரச் செய்தித்தாளோடு வெளியே வந்து, "இடதா, வலதா?" என்று கேட்டார்.

"வலது" என்றார் அண்ணன். மருந்துக்கடைக்காரர் தலையாட்டிவிட்டு, மனைவியிடம் சொல்ல உள்ளே போனார்.