பக்கத்தில் நிற்க ஓர் ஆள்

டீச்சரின் தோள்பையை ஒரு வார்த்தை கேட்காமல் ஆணியிலிருந்து எடுத்து, மருமகளின் தட்டுக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தாள் மாமியார். பைக்குள்ளிருந்து சாக்பீஸ் தூள் கிளம்பி மேசைமேல் படிந்தது. பைக்குச் சொந்தக்காரி எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் மூத்த மகள் அவள். பையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், மறுபடி தட்டுக்குக் குனிந்துகொண்டாள்.

"இன்னிக்கிலிருந்து உன் கிளாசுக்கு இவ போறா," என்றான் தம்பி. கல்வி அலுவலகத்தில் அவன் சூப்பிரண்டு. வீட்டிலும் அப்படித்தான்.

"எவ?" என்றாள் டீச்சர்.

"எதிர்ல உட்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? என் பொண்டாட்டி."

மருமகள் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். ஆசிரியர் பயிற்சி முடித்த சான்றிதழோடு இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். வேலைக்குப் போகட்டுமா என்று கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஒரு வீட்டுக்கு ஒரு டீச்சர் போதும். ரெண்டு இருந்தா அடுப்படியில மணி அடிக்க வேண்டியதுதான்," என்றாள் மாமியார். கணவன் சிரித்தான். சான்றிதழ் பீரோவில் துணிகளுக்கு அடியில் போயிற்று.

"ரெகுலர் போஸ்ட்," என்றான் சூப்பிரண்டு, அக்காவுக்குக் கேட்கும்படியாக. "டெம்பரரியாத்தான் போடுவோம்னு மேல சொன்னாங்க. நான் விடல. நாளைக்கு யாராவது ஜெயிச்சு வந்து 'எந்திரி, இது என் நாற்காலி'ன்னு சொல்லக் கூடாது பாரு. கெஸ்ட் மாதிரி போகல இவ. பக்கா ஆசிரியை."

டீச்சர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மருமகளின் பின்னால் போகும்போது நின்றாள்.

"சங்கத்துல இதுக்கு ஒரு பேரு இருக்கு, தெரியுமா? அடுத்தவ போராடிக்கிட்டு இருக்கும்போது அவ எடத்துல போய் உட்கார்றவள கருங்காலின்னு சொல்லுவாங்க."

"அண்ணி, எனக்கு நிஜமாவே..."

"பையில டஸ்டர் புதுசு. தொலைச்சிடாத," என்றுவிட்டு டீச்சர் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

நாட்டில் அவசர நிலை அறிவித்ததிலிருந்து அந்த வீட்டில் பேச்செல்லாம் இப்படித்தான். அரசாங்கத்தை வாழ்த்தி நடக்கிற ஊர்வலங்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை லாரியில் ஏற்றி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு பையன் லாரியிலிருந்து விழுந்து கால் ஒடிந்த பிறகு, இனிமேல் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று ஆசிரியர் சங்கம் முடிவெடுத்தது. சங்கத்தின் செயலாளர் டீச்சர்தான். அந்த முடிவைப் பள்ளி வாசலில் நின்று பெற்றோரிடம் வாய்விட்டுச் சொன்னவளும் அவள்தான். அன்று சாயங்காலமே போலீஸ் ஜீப் வந்தது. சங்க அறைக்குச் சீல் வைத்தார்கள். டீச்சரைக் கொஞ்ச நாள் உள்ளே வைத்திருந்து வெளியே விட்டார்கள், வேலையிலிருந்து சஸ்பெண்ட் செய்துவிட்டு. அதற்குப் பிறகு தெருவில் அவள் நடந்தால் ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. அவளிடம் எழுத்துக் கற்ற பிள்ளைகள் வளர்ந்து குடும்பமாகியிருந்த வீடுகளின் ஜன்னல்கள்தான்.

தம்பி படித்ததும் இந்த டீச்சரின் சம்பளத்தில்தான். அதை அவன் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

*

பள்ளி வாசலில் நின்ற சிப்பாய் மருமகளின் தோள்பையைக் கவிழ்த்துப் பார்த்தான். டஸ்டர், சிவப்புப் பென்சில், தலைவலித் தைலம். "போங்க டீச்சர்," என்றான். அவளை முதல்முதலாக அப்படிக் கூப்பிட்டவன் துப்பாக்கி வைத்திருந்தான்.

ஆசிரியர் அறையில் மேசைகளையெல்லாம் தனித்தனியாகப் பிரித்து, சுவரைப் பார்க்கப் போட்டிருந்தார்கள். ஆசிரியர்கள் கூடிப் பேசக் கூடாது என்று உத்தரவு.

"பரீட்சை ஹால் மாதிரி இருக்குல்ல?" என்றார் விளையாட்டு ஆசிரியர். எல்லோரும் அவரை விசில் வாத்தியார் என்பார்கள். "பக்கத்து ஆளப் பார்த்து தைரியத்த காப்பி அடிச்சிருவோம்னு பயம். வாங்க, சூப்பிரண்டு வீட்டம்மா. உங்களுக்குத் தனி நாற்காலி போடணுமா, இல்ல வீட்டுலேருந்தே கொண்டாந்திருக்கீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே ஒரு குரல், "நாத்தனா எலையில சாப்பிடறவளுக்கு நாற்காலி என்னத்துக்கு," என்றது. அதற்குத்தான் சிரித்தார்கள்.

ஐந்தாம் வகுப்பில் அவள் நுழைந்தபோது பிள்ளைகள் எழுந்து நிற்கவில்லை. கரும்பலகை நிறைய ஒரே சொல்: கருங்காலி.

 வீட்டில் கேட்டதைவிட இது பெரியதாக இருந்தது.

"எழுத்து குண்டு குண்டா நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா கணக்குப் போட எடமில்லாம பண்ணிட்டீங்களே." பையைத் திறந்து புது டஸ்டரை எடுத்தாள்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்று பின்னங்கள். ஒரு முழுத் தாளைக் கிழித்துக் கிழித்துக் காட்டினாள். பாதி, பாதியில் பாதி. ஒன்றிரண்டு தலைகள் நிமிர்ந்தன. பிறகு எல்லாத் தலைகளும். இத்தனை வருஷம் துணிகளுக்கு அடியில் கிடந்த எதுவோ அவள் குரலில் ஏறி வந்தது. மணி அடித்தபோது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வெளியே போகும்போது கண்ணாடி போட்ட ஒரு சிறுமி மேசையருகில் நின்றாள்.

"எங்க டீச்சர் எப்போ வருவாங்க?"

"தெரியலம்மா."

"நீங்க இருக்கறவரைக்கும் வர மாட்டாங்கன்னு எங்கம்மா சொன்னாங்க." சிறுமி அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, விடை சொல்வதுபோலச் சொன்னாள். "நீங்க நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க."

மதியச் சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்காமலே பைக்குள் வைத்தாள்.

டீச்சர்மேல் விசாரணை வெள்ளிக்கிழமை என்று ஆசிரியர் அறையில் பேச்சு. சுவரிடம் பேசுவதுபோல ஆளுக்கொரு வாக்கியம். மருமகள் தன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"விசாரணைன்னா, அண்ணி தனியாவா நிக்கணும்?"

விசில் வாத்தியார் நாற்காலியைத் திருப்பாமலே பதில் சொன்னார். "தனியா நிக்கணும்னு இல்ல. அதே பள்ளிக்கூடத்துல ரெகுலரா வேலை பார்க்கிற ஒரு ஆசிரியர் பக்கத்துல நிக்கலாம். பேசலாம், சாட்சியக் கூப்பிடச் சொல்லலாம். ஆள் இருந்தா விசாரிச்சுத்தான் ஆகணும், எடுத்தோம் கவுத்தோம்னு முடிக்க முடியாது. எங்க சங்கம் ரோட்டுல படுத்து உருண்டு வாங்குன உரிமை அது. அவசர நிலையில எல்லாத்தையும் பிடுங்கினாங்க. இது ஒண்ணு மட்டும் எப்படியோ கண்ணுல படாமத் தப்பிச்சிருச்சு."

"அப்போ யாரு நிக்கிறீங்க?"

ஒரு மேசை இழுப்பறை திறந்து மூடியது. ஒருவருக்கு இருமல் வந்தது.

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு," என்றார் விசில் வாத்தியார் கடைசியில். "அத விடுங்க. இதக் கேக்கறதுக்கு உங்களுக்கு என்ன யோக்கியதை?"

அவள் டஸ்டரை எடுத்துக்கொண்டு மறுபடி வகுப்புக்குப் போனாள்.

*

வியாழக்கிழமை சாயங்காலம் சூப்பிரண்டு நல்ல குஷியில் வீட்டுக்கு வந்தான். விசாரணையில் பதிவு எழுதும் வேலையை அவனுக்கே கொடுத்திருந்தார்கள். அவன்தான் கேட்டு வாங்கியிருந்தான். அக்கா எந்தப் பக்கமோ இருக்கட்டும், தான் எந்தப் பக்கம் என்று மேலிடத்துக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எது?

"மன்னிப்பு கேட்டு, சங்கத்த விட்டு விலகிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடேன்டி," என்றாள் தாய். "நாக்கா அறுந்துடும்?"

"அறுந்துடும்மா," என்றாள் டீச்சர்.

"அறுந்து போகட்டும், விடும்மா," என்றான் தம்பி. "நாளைக்குப் பத்து நிமிஷ வேலை. பக்கத்துல நிக்க யாருமில்லன்னு எழுதுவேன். அதிகாரி கையெழுத்துப் போடுவாரு. டிஸ்மிஸ். அதுக்கப்புறம் அந்த விதியவே தூக்கிடப் போறாங்க. 'முதல் விசாரணையிலயே ஒருத்தரும் வரல, ஆசிரியர்களே இத விரும்பல'ன்னு காரணம். மத்த ஊர்ல மாட்டிக்கிட்டிருக்கிற உன் சங்கத்து ஆளுங்களுக்கும் சேர்த்து நீதான் பிள்ளையார் சுழி."

டீச்சரின் முகம் அப்போதுதான் முதல்முறையாக மாறியது. தன் வேலை போவதற்கு மாறாத முகம்.

"ஒருத்தர்கூடவா வர மாட்டாங்க," என்றாள், யாரிடமும் கேட்காமல்.

"எவன் வருவான்? பள்ளிக்கூடத்துல இருக்கிற ஒவ்வொரு ரெகுலர் வாத்தியாரையும் எனக்குத் தெரியும். ஒவ்வொருத்தனா எண்ணிப் பார்த்துட்டேன்." அவன் காலை நீட்டிக்கொண்டான். "ஏய், தண்ணி கொண்டா."

ரெகுலர் போஸ்டில் இருக்கும் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எண்ணியதில் அவளை விட்டுவிட்டது அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் கணக்கில் அவள் வேறு வரிசை.

*

விசாரணை தலைமையாசிரியர் அறையில் நடந்தது. அதிகாரி வெளியூரிலிருந்து வந்தவர், சீக்கிரம் முடித்துக்கொண்டு ரயிலைப் பிடிக்க வேண்டியவர். சூப்பிரண்டு தாளை நேராக அடுக்கிவைத்து, பேனாவைத் திறந்து உட்கார்ந்திருந்தான். டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரம் இருந்ததாகத் தெரியவில்லை.

"உங்க பக்கத்துல நிக்க ஆள் உண்டா?"

"இல்ல."

"முறைப்படி வராந்தாவுல கூப்பிடணும். பியூன், கூப்பிடுப்பா. மூணு தடவை."

பியூன் வராந்தாவில் நின்று குரல் கொடுத்தான். குரல் கேட்டதும் வகுப்புகளில் பாடம் திடீரென்று சத்தமாயிற்று. ஓர் அறையில் வாய்ப்பாடு, ஓர் அறையில் நதிகளின் பெயர்கள். மைதானத்தில் விசில் நீளமாக ஊதிக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவையும் பியூன் கூப்பிட்டான். வாய்ப்பாடு இன்னும் வேகமாக ஓடியது.

ஐந்தாம் வகுப்பு மட்டும் அமைதியாயிற்று.

மருமகள் கையெல்லாம் சாக்பீஸோடு வாசலில் வந்து நின்றாள்.  

"நான் நிக்கிறேன் சார்."

சூப்பிரண்டு பாதி எழுந்தான். "ஏய்... நீ வீட்டுக்குப் போ."

"யாரு இது?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்ல சார். என் வீட்டுக்காரி. வெவரம் தெரியாம..."

"உங்க வீட்டுல யாருன்னு நான் கேக்கல. இந்தப் பள்ளிக்கூடத்துல யாரு?"

சூப்பிரண்டு அடுக்கிவைத்த தாள்களை மறுபடி அடுக்கினான். 

"அஞ்சாம் வகுப்பு ஆசிரியை," என்றாள் அவள். "டெம்பரரி இல்ல சார். ரெகுலர். இந்த சூப்பிரண்டு சார்தான் சண்டை போட்டு வாங்கிக் குடுத்தாரு."

அதிகாரி தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அதிகாரி சூப்பிரண்டைப் பார்த்த பார்வையில், ரயில் போய்விட்ட கோபம் முழுவதும் இருந்தது.

"அம்மா, உங்களுக்கு நல்லதுக்குச் சொல்றேன். இப்ப நீங்க இங்க நின்னா, அடுத்த நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும். அப்போ உங்க பக்கத்துல நிக்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

 முந்தாநாள் கிடைத்த வகுப்பு. தாளைக் கிழித்ததும் நிமிர்ந்த தலைகள் அவள் கண்முன் வந்தன.

"சரிங்க சார்," என்றாள். உள்ளே வந்தாள்.

மேசைக்கும் அலமாரிக்கும் இடையில் ஒருவர் நிற்கத்தான் இடம் இருந்தது. டீச்சர் நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல், "கருங்காலிக்கு என் பக்கத்துல என்னடி வேலை?" என்றாள்.

"திட்டறத வீட்டுல வச்சுக்கலாம் அண்ணி. இப்ப கொஞ்சம் தள்ளுங்க, எனக்கு எடம் வேணும்."

டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓரடி தள்ளி நின்றாள்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "எழுதிக்கோங்க சூப்பிரண்டு. பக்கத்தில் நிற்பவர், ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. சாட்சிகளைக் கூப்பிட வேறு தேதி." அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

வராந்தாவில் வாய்ப்பாடு நின்றுபோயிருந்தது. விசில் சத்தமும் இல்லை. கதவருகில் இரண்டு மூன்று நிழல்கள் தெரிந்தன. தம்பி குனிந்த தலை நிமிராமல், டீச்சர் சொல்வதற்கு முன்பே பதிலை எழுதத் தொடங்கியிருந்தான்: தம்பி மனைவி.

"அத அடிங்க சார்," என்றாள் அக்கா, தம்பியிடம். "என்கூட வேலை பார்க்கிறவங்க. அப்படி எழுதுங்க."

பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு அவன் எழுதியதை அடித்துவிட்டு, அவள் சொன்னதை எழுதினான்.