பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கிட்டார்

கிட்ட வாங்க, கண்ணுகளா. வாசலில் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள், அங்கே நின்றால் பாதிக் கதை காற்றோடு போய்விடும். இன்றைக்கு ஒரு சண்டைக் கதை சொல்கிறேன். வெட்டு, குத்து எதுவும் கிடையாது, பயப்படாதீர்கள். ஆனால் இதில் வருகிற இரண்டு பெண்களின் வாயும் அரிவாள்மணைக்குப் பாடம் எடுக்கும்.

அண்ணன், தம்பி இரண்டு பேருக்கு ஒரே வீடு. அப்பா போனதும் அதை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கினார்கள். செங்கல் சுவரை அப்புறம் எழுப்பிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. கூடத்தில் இருந்த ஒரே ஜன்னல் அண்ணன் பக்கம் போனது. தம்பி பக்கத்துக்குக் கிடைத்தது ஒடுக்கமான பாதி.

தம்பி பெண்டாட்டியைச் சின்னவள் என்றும் அண்ணன் பெண்டாட்டியைப் பெரியவள் என்றும் சொல்கிறேன். வீடு பிரித்த அன்றைக்குச் சின்னவள், "காத்தையும் சேர்த்து உங்க பேர்ல எழுதி வாங்கிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"உனக்கு எதுக்குடி காத்து? உன் நாக்கே விசிறி மாதிரிதானே ஆடுது" என்றாள் பெரியவள்.

இரண்டு ஓரகத்திகளும் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். பேச்சு நின்றதே தவிர ஏச்சு நிற்கவில்லை. சாடை ஆரம்பித்தது. பெரியவள் துடைப்பத்தைத் திட்டினால் அது சின்னவளுக்கு: "ஏ துடைப்பமே, மூலையில நிக்க வேண்டியது நீ, நடுக்கூடத்துல வந்து ஆடுறியா?" சின்னவள் குக்கரைத் திட்டினால் அது பெரியவளுக்கு: "கத்து குக்கரே, நல்லா கத்து! அடுத்த வீட்டுக்குக் கேக்கலேன்னா உனக்குத் தூக்கம் வராதே!" புருஷன்மார்கள் இரண்டு பேரும் தெருமுனையில் ஒன்றாக டீ குடித்துவிட்டு, வீட்டுக்கு மட்டும் முன்பின்னாக, ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மாதிரி வந்து சேருவார்கள்.

பெரியவள் வீட்டிலேயே துணி தைப்பவள். அவளுடைய தையல் மெஷின் பலகைச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. அது ஓடினால் சின்னவள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அது நின்றால் சின்னவள் தன் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். மெஷின் நின்றிருக்கிறது என்றால் பெரியவள் காது கொடுத்துக் கேட்கிறாள் என்று அர்த்தம்.

சின்னவளுக்குப் புகார் கேட்கிற உத்தியோகம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஜனங்கள் பொழிகிற வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, "மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் மேடம்" என்று சாயங்காலம் வரை சொல்ல வேண்டும். ஒரு நாள் கூட வேலை செய்கிறவள் ஒருத்தி ஆபீஸ் சாப்பாட்டு அறையில் ஒரு கிட்டாரைச் சாய்த்து வைத்திருந்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சின்னவள் ஒரு கம்பியை விரலால் தட்டினாள். அவ்வளவுதான். அந்தச் சத்தம் அவள் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. யாரிடமும் மன்னிப்புக் கேட்காத சத்தம்.

வீட்டில் சொல்ல வெட்கம். நாற்பதைத் தாண்டியவளுக்குக் கிட்டார் எதற்கு என்று சிரிப்பார்கள். அதனால், "பிள்ளை கத்துக்கட்டும், சிக்கனமா ஒரு கிட்டார் செட் வாங்கலாம்" என்று புருஷனிடம் சொன்னாள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. "நான் கேக்கவே இல்லையேம்மா" என்றது.

"மெதுவாப் பேசுடி. உனக்குத்தான்."

"எனக்கு வேணாமே!"

பலகைக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றது. இதையும் பெரியவள் சிரித்துக் கெடுத்துவிட்டால், இன்னொரு தடவை எதற்கும் ஆசைப்படத் தனக்குத் தைரியம் வராது என்று சின்னவளுக்குத் தெரியும்.

விடுமுறை நாளில் பஸ் ஏறினாள். முன்வாசலில் அவள் ஏற, பின்வாசலில் பெரியவள் ஏறினாள். சின்னவள் இறங்கிய இடத்தில் இறங்கி, நடந்த தெருவில் நடந்து, வாத்தியக் கடைக்குள்ளும் பின்னாலேயே நுழைந்தாள்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்களாம்மா?" என்றார்.

"இல்லை" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

"அண்ணே," என்றாள் பெரியவள், "இவங்க வாங்குறதை நான்தான் கேக்கப்போறேன். நடுவுல இருக்கிறது வெறும் பலகை. அதனால என்ன வாங்குறாங்கன்னு பாக்க வந்தேன்."

"அண்ணே," என்றாள் சின்னவள், "விடிஞ்சா அடைஞ்சா தையல் மெஷின் சத்தத்தை நான் கேக்கலையா? அதுக்கு நான் மெஷின் கடைக்கு வந்தேனான்னு கேளுங்க."

கடைக்காரர் அதை யாரிடமும் கேட்கவில்லை. அந்த மட்டும் புத்திசாலி. "யார் வாசிக்கணும்?" என்றார்.

"என் பொண்ணு. பன்னிரண்டு வயசு."

அவர் முக்கால் அளவு கிட்டார் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சின்னவள் ஆசையை அடக்கிக்கொண்டு மடியில் வைத்துப் பார்த்தாள். நடுவளைவு தொடையில் நிற்கவில்லை. கழுத்தில் விரல்களை வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. பெரியவர்கள் சின்னப்பிள்ளைகளின் சைக்கிளில் ஏறியது மாதிரி இருந்தது. இருந்தாலும் சொன்னாள்: "இதுவே போதும். கட்டிக் கொடுங்க."

பெரியவள் இடுப்பில் கை வைத்தாள்.

"அண்ணே, நான் துணி தைக்கிறவ. புள்ளைக்குன்னு அளவு கொடுத்துத் தச்சு, அம்மா போட்டுக்கிட்டா அக்குள்ல கிழியும். வாசிக்கப்போறவங்களுக்கு அளவு எடுங்க. புள்ளை வேணாம்னு சொன்னது எங்க வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்டுச்சு."

கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவளுக்குக் காது மடல் சுட்டது. எழுந்து போய்விடலாம். போனால் வெறுங்கை. சிறியதையே வாங்கலாம். வாங்கினால் கையே விளங்காது. அவள் மடியில் இருந்த கிட்டாரைக் கீழே வைத்தாள்.

"எனக்குத்தான். நான்தான் கத்துக்கப்போறேன். இதுல யாருக்காவது வயிறு வலிச்சா மருந்துக்கடை எதிர்ல இருக்கு."

"ஹூம்!" என்றாள் பெரியவள். "இந்த வயசுல."

"இந்த வயசுலதான்!"

"அப்படின்னா முழு அளவும்மா" என்று கடைக்காரர் அவசரமாக உள்ளே போனார்.

மூன்று கிட்டார்கள் வந்தன. சின்னவள் முதல் கிட்டாரைத் தொடுவதற்குள் பெரியவள், "பின்னால ரிப்பேர் ரூம் இருக்கில்ல? அதுவும் பலகைதானே? நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறேன். ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டுங்க. எனக்கு வீட்டுல அப்படித்தான் கேக்கப்போகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டாள்.

கடைக்காரர் முதலாவதை மீட்டினார். உலோகக் கம்பி.

"தகரத்துல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு! வேணாம்!" பலகைக்குப் பின்னாலிருந்து வந்தது குரல்.

இரண்டாவது பளபளவென்று கறுப்பு. கண்ணாடி மாதிரி முகம் தெரிந்தது.

"இது இருமுது! சளி பிடிச்சது வேணாம்!"

கடைக்காரர் அதைக் கண்ணருகே தூக்கிக் கழுத்து நெடுகப் பார்த்தார். "ஆமா, லேசா வளைஞ்சிருக்கு. கம்பி கட்டையில உரசுது" என்று முணுமுணுத்துவிட்டு ஓரமாக வைத்தார்.

மூன்றாவதற்கு நைலான் கம்பி. பளபளப்பு இல்லை, வெறும் மரநிறம். "புதுசாக் கத்துக்கிறவங்க விரலுக்கு இது அவ்வளவா வலிக்காது" என்று சொல்லி மீட்டினார். சின்னவளுக்கு அடிவயிற்றில் பழைய சத்தம் எழுந்து உட்கார்ந்தது.

"இன்னொரு தடவை" என்றது குரல். மீட்டினார். "இதுன்னா சகிச்சுக்கலாம். வேற வழி?"

தனக்குப் பிடித்ததே அவளுக்கும் பிடித்துத் தொலைந்ததே என்பதுதான் சின்னவளுக்கு அன்றைக்குப் பெரிய வயிற்றெரிச்சல்.

அந்தக் கிட்டாரே செட்டாகவும் கிடைக்குமா என்று கேட்டாள், சுவரில் தொங்கிய சிவப்புப் பெட்டியைக் காட்டி. அதில் தோளில் மாட்டுகிற வார், ஸ்டாண்டு, பாட்டுப் புத்தகம், ஸ்டிக்கர் எல்லாம் இருந்தன. கடைக்காரர் இல்லை என்று தலையாட்டினார். "அதுல இருக்கிறது வேற கிட்டாரும்மா. அந்த விலைக்குப் பெட்டியில சாமான் கூடக் கூட, மரம் மட்டமாயிடும். இதோட ஒரு உறை, ஸ்ருதி பாக்குற கிளிப், மாத்துக் கம்பி ஒரு செட்டு. முதல் வருஷத்துக்கு இது போதும்."

அதையே வாங்கினாள். திரும்பும் பஸ்ஸில் கிட்டார் சின்னவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது. பெரியவள் நின்றுகொண்டே வந்தாள். உட்காருங்கள் என்று ஒருத்தி சொல்லவில்லை, கொஞ்சம் நகர்த்து என்று இன்னொருத்தி கேட்கவில்லை.

இப்போது வீட்டுக்கு வாருங்கள். ஒடுக்கமான பாதியில் கட்டிலும் அலமாரியும் போக, நாற்காலி போட ஒரே இடம் பலகைச் சுவரடிதான். கட்டிலில் உட்கார்ந்தால் முழங்கை அலமாரியில் இடித்தது. அதனால் நாற்காலியைச் சுவரடியில் போட்டு, கிட்டாரின் தலையைப் பலகையில் சாய்த்துக்கொண்டு, கிளிப்பை மாட்டினாள். கம்பி சரியாக இருந்தால் பச்சை வெளிச்சம் வரும், இல்லையென்றால் சிவப்பு. கம்பியைத் தட்டினாள். கிளிப்பில் இருந்த முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடியது. திருகினாள். சிவப்பு. இன்னும் திருகினாள். சிவப்பு. அந்தப் பக்கம் மெஷின் தடதடத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று.

பட்!

உலோகம் சுற்றிய நடுக்கம்பி அறுந்து மணிக்கட்டில் சுள்ளென்று அடித்தது.

"இப்போ உன் வயிறு குளுந்துதா, குக்கரே?" என்று கத்தினாள்.

"ஏ கத்திரிக்கோலே!" என்று பதில் வந்தது. "எதை எவ்வளவு முறுக்கணும்னு தெரியாதவங்களுக்கு நீ என்ன பண்ணுவ?"

மாற்றுக் கம்பியை எடுக்கக் கிட்டாரைச் சுவரில் சாத்தினாள். அப்போதுதான் பார்த்தாள். கை படாமலே முள் ஆடிக்கொண்டிருந்தது. மெஷின் ஓட ஓடப் பலகை அதிர்ந்தது, பலகை அதிர அதிரக் கிளிப் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் அவள் ஸ்ருதி சேர்த்தது பெரியவளின் தையல் மெஷினோடு.

கம்பியை மாட்டினாள். "அஞ்சு நிமிஷம் சும்மா கிட, குக்கரே" என்றாள். மெஷின் இன்னும் வேகமாக ஓடியது. "காது கேக்காதா குக்கரே!" ஓடியது.

நாள் முழுக்க, முன்பின் தெரியாதவர்களிடம் ஆயிரம் மன்னிப்புக் கேட்கிறவளுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்க ஒரு வார்த்தை எழவில்லை. மணிக்கட்டில் சிவந்த கோட்டைத் தடவினாள். கிட்டாரை உறையில் போட்டு மூடிவிடலாமா என்று பார்த்தாள். ஜிப்பில் கை வைத்தவள், எடுத்துவிட்டாள்.

"அக்கா."

மெஷின் நிற்கவில்லை.

"அக்கா! மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க. கம்பி சேர்க்கணும்."

நின்றது. அலமாரியில் டம்ளர்கள் அடங்கின. ஒரு பெருமூச்சு வந்தது, எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. சின்னவள் ஒவ்வொரு கம்பியாகத் திருகினாள். ஆறாவது கம்பிக்கும் பச்சை வந்தது. பிறகு, கிட்டார் வாங்குவதற்கு முன்பே செல்போனில் பார்த்துப் பார்த்து மனசுக்குள் பழகியிருந்த சின்ன மெட்டை எடுத்தாள். பாதி வரை தடுமாறித் தடுமாறி வந்தது. அதற்கு மேல் விரல் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

சிரிப்பு வரவில்லை. மெஷினும் ஓடவில்லை.

"பாதியில நிறுத்தினா மிச்சத்தை யாருடி வாசிப்பா?" பலகை அதிர்ந்தது. "முடிச்சுத் தொலை! எனக்குத் தைக்கிற வேலை கிடக்கு."

துடைப்பம் இல்லை, கத்திரிக்கோல் இல்லை. நேராகவே வந்த வசவு.

"வேலை கிடந்தா தைங்களேன்! யாரு உங்க கையைப் பிடிச்சது?" என்று சொல்லிவிட்டு, சின்னவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

புதுக் கம்பி இருக்கிறதே, கண்ணுகளா, அது இழுத்து வைத்த இடத்தில் சீக்கிரம் நிற்காது. மறுநாளும் இறங்கிவிட்டது. மறுநாளும் "அக்கா" என்று கூப்பிட வேண்டியிருந்தது, மறுநாளும் வசவு வாங்க வேண்டியிருந்தது. கம்பி நிலைத்த பிறகும் சாயங்காலம் ஆனால் மெஷின் தானாக நின்றது. ஜன்னலை மட்டும் பெரியவள் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

நீங்கள் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டுக்கு எத்தனை சுவர் இருந்தாலும், அடுத்த பக்கத்தில் காது கொடுக்க ஒரு ஆள் இருக்கட்டும். உங்கள் வாசலில் வெளிச்சமும், ஜன்னலில் காற்றும், பிள்ளைகள் கையில் அவர்கள் ஆசைப்பட்டதும் குறையாமல் நிறையட்டும்.