அக்கா மறைத்த ஆறு வருடம்

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரச் சந்தையில் நூடுல்ஸ் சூப் கடை வைத்திருக்கும் பெர்லிட்டாவுக்கு ஐம்பது வயதாகிறது. கடைக்கு வரும் ஒரு நர்ஸின் நச்சரிப்பு தாங்காமல்தான் மாமோகிராம் எடுத்துக்கொண்டாள். இடது மார்பில் சின்னதாக ஒரு நிழல் தெரிந்தது.

"பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது," என்றார் டாக்டர். "ஆறு மாசம் கழிச்சு மறுபடி எடுத்துப் பாக்கலாம். மனசு உறுத்துச்சுன்னா இப்பவே ஊசியால கொஞ்சம் சதை எடுத்துச் சோதிச்சுடலாம். உங்க அம்மா, கூடப்பிறந்தவங்க யாருக்காவது மார்புல கேன்சர் இருந்துச்சா?"

"யாருக்கும் இல்ல டாக்டர். படிவத்துலயும் இல்லன்னுதான் எழுதியிருக்கேன்."

"அப்போ காத்திருக்கலாம். முடிவு உங்களோடதுதான்."

காத்திருப்பதென்று முடிவு செய்தாள். ஊசி என்றாலே அவளுக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா நெமேசியா சாப்பிட வந்தாள். வறுத்த மீனைப் பரிமாறிக்கொண்டே பெர்லிட்டா விளையாட்டுப்போல விஷயத்தைச் சொன்னாள். நெமேசியாவின் கை சோற்றிலேயே நின்றது. அவள் பெர்லிட்டாவின் கணவன் ரோமுலோவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"காத்திருக்காதடி. நாளைக்கே போ."

"நீ எப்போ டாக்டருக்குப் படிச்சே?"

"எனக்கு இருந்துச்சு. வலது பக்கம் முழுசா எடுத்துட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சு."

அது அப்பா இறந்த வருடம். தன் மகளின் பிரசவத்துக்கென்று செபு தீவுக்குப் போன அக்கா அடக்கத்துக்குக்கூட வரவில்லை. 'பெத்த அப்பனைவிடப் பேரன் பெருசாப் போயிட்டான்' என்று பெர்லிட்டா சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் கணவனிடம்.

"ஆபரேஷனுக்குச் செபுவுக்கு நான்தான் கப்பல் ஏத்திவிட்டேன். உங்கப்பா வேற சாகக் கிடந்தாரு. ரெண்டையும் நீ தாங்க மாட்டேன்னு நான்தான் மறைக்கச் சொன்னேன்."

"சரி, அப்பா போயாச்சு. அதுக்கப்புறம்?"

ரோமுலோ தட்டை நகர்த்தி வைத்தான்.

"நான் கண்டபடி ஏசினப்பவும் வாயைத் திறக்கலியே அக்கா! ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னை நல்லா முட்டாளாக்கிட்டீங்க."

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. கூட வருகிறேன் என்ற ரோமுலோவை "வேணாம்" என்று நிறுத்திவிட்டுத் தனியாகப் போனாள். ஆஸ்பத்திரியில் படிவத்தைக் கேட்டு வாங்கித் திருத்திக் கொடுத்தாள். டாக்டர் படித்துவிட்டு, இனிக் காத்திருக்க வேண்டாம் என்றார். ஊசி இறங்கியபோது பிடித்துக்கொள்ள யார் கையும் இல்லை. கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. கேன்சர்தான். ஆரம்ப நிலை, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் பக்கோலோட் நகரத்தில் வேலை பார்க்கும் மகள் ஜொவெலினைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

"பிள்ளை பயந்துடும். ஆபரேஷன் முடியட்டும்," என்றான் ரோமுலோ.

அவனைப் பார்த்துக்கொண்டே பேசினாள்: "ஜொவெலின், எனக்கு கேன்சர். உன் பெரியம்மாவுக்கும் இருந்துச்சு, என்கிட்ட மறைச்சிட்டாங்க. நீயும் டாக்டர்கிட்ட காட்டிக்கோ. அழணும்னா அழு. அழுதுட்டு, லீவு போட்டுட்டு வா. ஆபரேஷன் அன்னிக்கு நீ மட்டும் கூட இருந்தாப் போதும்."

ரோமுலோ எழுந்து வெளியே போய்விட்டான்.

கட்டியை எடுத்தாயிற்று. நெமேசியா தினமும் இஞ்சி போட்ட கோழிக்கஞ்சி கொண்டுவந்தாள். பெர்லிட்டா வாங்கிக் குடித்தாள். ஆனால் அக்கா, "எனக்கு இப்ப உடம்புக்கு ஒண்ணும் இல்லடி" என்று சொன்னாலும், நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெர்லிட்டா கஞ்சியில் கரண்டியை வைத்தாள்.