கரி பூசாத மாப்பிள்ளை

ரிமாஸ் அன்றைக்கும் சுத்தமாகத்தான் வீடு திரும்பினான்.

சமையலறை ஜன்னலிலிருந்தே ரோனா அதைப் பார்த்துவிட்டாள். முழங்கையில் கிழிந்த ஸ்வெட்டரும், பெயின்ட் கறை படிந்த கால்சட்டையும், என்றைக்கோ தூக்கி எறிந்திருக்க வேண்டிய பூட்ஸுமாக அவன் துறைமுகத்து மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தான். ஒரு வாரமாக வேலை முடிந்ததும் இந்த வேஷத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். கேட்டால் காற்று வாங்கப் போகிறேன் என்பான். போர்ட்டாரியில் காற்று வாங்க யாரும் வெளியே போக வேண்டியதில்லை. கதவிடுக்கு வழியாக அதுவே உள்ளே வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அவன் எதற்காகப் போகிறான் என்பது ரோனாவுக்குத் தெரியும். ஸ்காட்லாந்தின் அந்தக் கடலோரத்தில் கல்யாணம் நிச்சயமானவர்களைச் சிநேகிதர்கள் சும்மா விடமாட்டார்கள். எதிர்பாராத நேரத்தில் அமுக்கிப் பிடித்து, தலையிலிருந்து கால்வரை கறுப்பு வெல்லப்பாகை ஊற்றி, அடுப்புக்கரியும் மாவும் கோழியிறகும் கொட்டி, லாரியில் ஏற்றிக் கட்டிவைத்து, தட்டுமுட்டுப் பாத்திரங்களை அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார்கள். கெட்டது எதுவும் அண்டாது என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். இதைத் தாங்குகிறவன் கல்யாணத்தையும் தாங்குவான் என்பது கல்யாணமானவர்கள் சொல்லும் காரணம். மற்ற ஊர்களில் முகத்தில் கரி பூசினால் அவமானம். போர்ட்டாரியில் பூசாமல் விட்டால்தான்.

ரோனாவுக்குப் போன சனிக்கிழமையே ஆகிவிட்டது. மீன் ஆலையில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் கழிவும் ஓட்ஸும் கலந்த வாளியோடு வந்து கவிழ்த்துவிட்டுப் போனார்கள். காதுக்குள் இன்னும் ஓட்ஸ் இருப்பதுபோல இருந்தது. ரிமாஸைத் தேடித்தான் யாரும் வரவில்லை. அவர்கள் கல்யாணமோ இந்தச் சனிக்கிழமை.

"யாரையாச்சும் பாத்தியா?" என்றாள், கேட்காததுபோலக் கேட்டு.

"எல்லாரையும் பாத்தேன். உங்க அண்ணனையும் பாத்தேன். இன்னைக்குக் குளிர் ஜாஸ்தின்னு சொன்னான்."

அண்ணன் ஃபெர்கஸ் குளிரைப் பற்றிப் பேசுவது கோடையில் வரும் சுற்றுலாக்காரர்களிடம் மட்டும்தான். ஊர்க்காரனைப் பார்த்தால் அவன் வாயில் முதலில் வருவது வசவு.

ரிமாஸ் பூட்ஸைக் கழற்றிக் கதவோரம் ஒழுங்காக வைத்தான். அந்த ஒழுங்கைப் பார்க்கவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"ரோனா, கல்யாணம் முடிஞ்சதும் அபர்தீன்ல வீடு பாக்கலாமா? அங்கயும் படகு இருக்கு. படகு இருந்தா எஞ்சின் ரிப்பேரும் இருக்கும்."

"இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்ல. விருந்தாளியா எத்தனை நாள் இருக்கறது?"

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் சண்டை போட்டிருப்பாள். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் எங்கே போனாலும் அவள் கூடப் போவாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஜன்னல், இந்த மேடு, இருட்டில்கூட எந்தப் படகு வருகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லத் தெரிந்த இந்தத் துறைமுகம், இதையெல்லாம் ஒரு வாளி வெல்லப்பாகுக்காக விட்டுப்போக வேண்டுமா?

மறுநாள் அவள் வலைக்கொட்டகைக்குப் போனாள். ஃபெர்கஸ் அங்கே பேக்பைப் என்னும் தோல்பைக் குழலைப் பழகிக்கொண்டிருந்தான். மணமக்களுக்கு முன்னால் தேவாலயம் வரை வாசித்துக்கொண்டு நடக்கப்போகிறவன் அவன்தான். வீட்டில் வாசித்தால் மனைவி துரத்திவிடுவாள் என்பதால் வலைகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, ரிமாஸை ஏன் விட்டுவச்சிருக்கீங்க?"

பைப் முனகிக்கொண்டே அடங்கியது. "எதைச் சொல்ற?"

"நடிக்காத. கரி."

"அதைக் கேட்டு வாங்க வந்தியா? கேட்டு வாங்குற கரியெல்லாம் கரியே இல்ல, தெரியும்ல?"

"தெரியும். அதான் அவன் கேக்கல. நான் கேக்கறேன்."

ஃபெர்கஸ் தாடையைச் சொறிந்தான். "பசங்க பயப்படுறாங்கடீ. அவன் போலீஸைக் கூப்பிடுவான்."

அந்தக் கதையை ஊரில் அறியாதவர் இல்லை. ரிமாஸ் லித்துவேனியாவிலிருந்து வந்து இறங்கிய முதல் வாரம். துறைமுகத்து விளக்குக் கம்பத்தில் ஒரு மனிதனைக் கட்டிவைத்து, அவன்மேல் கறுப்பாக எதையோ ஊற்றி, சுற்றிலும் ஆட்கள் கூச்சல் போடுவதை அவன் பார்த்தான். தார் ஊற்றிக் கொளுத்தப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டான். போலீஸுக்குப் போன் செய்துவிட்டு, கையில் அகப்பட்ட துடுப்பைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினான். கம்பத்தில் இருந்தவன் கல்யாண மாப்பிள்ளை ஃபெர்கஸ்.

"என்னை ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்க. வெல்லப்பாகோட! அந்த நர்ஸு என்னைத் தொடைச்சு எடுக்கறதுக்குள்ள அழுதுட்டா. ஊர்வலமே நடக்கல. என் கல்யாணத்துக்கு எனக்கு அரைக் கரிதான், ரோனா."

"அவன் உன்னைக் காப்பாத்த வந்தான்டா மடையா. முன்னபின்ன தெரியாத உனக்காக, அத்தனை பேருக்கு நடுவுல, ஒத்தத் துடுப்போட!"

ஃபெர்கஸ் பைப்பை மறுபடி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊத ஆரம்பித்தான். வாசல்வரை போன ரோனா திரும்பினாள்.

"நாங்க அபர்தீன் போறோம். உன் ஊரை நீயே வச்சுக்க."

அவன் விரல் குழலில் வழுக்கியது. நல்ல பாட்டின் நடுவில் ஒரு சுரம் மிதிபட்ட பூனைபோலக் கத்தியது. அவள் நிற்காமல் நடந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ரிமாஸின் அம்மா வந்து சேர்ந்தாள். மகன் கல்யாணத்தில் மணமக்களுக்குக் கொடுப்பதற்காகக் கறுப்பு ரொட்டியையும் ஒரு சிமிழில் உப்பையும் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு லித்துவேனிய மொழி தவிர வேறு தெரியாது. ரோனாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். அதிலேயே பேச்சு முடிந்துவிட்டது.

மூன்று பேரும் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது.

கான்ஸ்டபிள் மர்டோ தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்தார். ரோனாவைச் சிறு குழந்தையிலிருந்து பார்த்தவர், அன்றைக்கு அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரிமாஸ், உன்மேல புகார் வந்திருக்கு. வண்டியில ஏறு."

"என்ன புகார் சார்?"

"அங்க போய்ப் பேசிக்கலாம்."

ரிமாஸின் முகம் வெளுத்தது. ரோனா சூப் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். விசாவா? குடியிருப்புத் தாளில் ஏதாவது பிழையா? நாளைக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்களா? "நானும் வருவேன்" என்று வண்டியின் பின்கதவைத் திறந்தாள். சீட் முழுக்க மீன் கூடைக்குப் போடும் பிளாஸ்டிக் விரித்திருந்தது. இருந்த படபடப்பில் அது ஏன் என்று யோசிக்கத் தோன்றவில்லை. அம்மாவும் சூப் வைக்கக் கட்டிய ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சுவிடாமல் ஏதோ ஜெபிக்கத் தொடங்கினாள்.

வண்டி காவல் நிலையத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. நேரே துறைமுகத்துக்கு இறங்கியது.

அங்கே ஒரு லாரி நின்றிருந்தது. அதன்மேல் ஊரிலுள்ள அத்தனை இளவட்டங்களும் கையில் சட்டியும் கரண்டியுமாக. நடுவில், பைப்பைத் தோளில் சாய்த்தபடி ஃபெர்கஸ்.

"புகார் குடுத்தது நான்தான்," என்று அவன் கத்தினான். "நாளைக்குக் கல்யாணம் வச்சிருக்கற ஒருத்தன் ஊருக்குள்ள சுத்தமாத் திரியறான். சட்டம் ஒழுங்கு என்ன ஆகறது?"

ரிமாஸ் வாயைத் திறந்தான். என்ன சொல்ல நினைத்தானோ, முதல் வாளி அதை மூடிவிட்டது.

ரோனா படகு கட்டும் கல்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒரு வாரமாக நெஞ்சுக்குள் சுருட்டி வைத்திருந்த ஏதோ ஒன்று பாய்மரம்போல அவிழ்ந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

ரிமாஸின் அம்மாவுக்கு இந்த வழக்கம் எப்படித் தெரியும்? மகனைக் கட்டி ஏற்றுவதையும் கறுப்பாக ஊற்றுவதையும் பார்த்துத் தலையில் கைவைத்து அலறினாள். எல்லா மொழிக்கும் பொதுவான ஒரே வார்த்தையில் அலறினாள்.

"போலீஸ்! போலீஸ்!"

மர்டோ திரும்பினார். அவர் கையில் வெல்லப்பாகு சொட்டும் அகப்பை. "சொல்லுங்கம்மா, இங்கதான் இருக்கேன்."

சிரிப்பில் லாரியே குலுங்கியது. "தாயைப்போல பிள்ளைடா!" என்று யாரோ கத்தினார்கள். ரோனா ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னைத் தொட்டு, மோதிர விரலைத் தொட்டு, தலையில் ஊற்றுவதுபோலச் சைகை காட்டினாள். அம்மா லாரியைப் பார்த்தாள். கண்ணைத் தவிர எல்லாம் கறுத்துப்போன மகன், இறகு ஒட்டிய பல்லைக் காட்டி, தொண்டை கிழியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் மெல்லக் கண்ணைத் துடைத்தாள். பிறகு பக்கத்திலிருந்த மாவுத் தட்டை எடுத்துக்கொண்டு, பின்பலகை வழியாக லாரியில் ஏறி, அவன் தலையில் தானே கொட்டினாள்.

ஃபெர்கஸ் குனிந்து ரிமாஸின் காதருகே சொன்னது ரோனாவுக்கும் கேட்டது. "எனக்கு விட்டுப்போன பாதி ஊர்வலமும் இன்னைக்குத்தான் மச்சான். கயிறை நல்லாப் பிடிச்சுக்க. அபர்தீன்னு இன்னொரு தடவை சொன்னே, கீழ ரெண்டாவது வாளி இருக்கு."

"எந்த அபர்தீன்?" என்றான் ரிமாஸ், மாவைத் துப்பிக்கொண்டே.

பைப் முழங்கியது. சட்டிகள் தாளத்தில் சேராமல் சேர்ந்துகொண்டன. லாரி ஒவ்வொரு தெருவாக ஏறி இறங்கியது. ஜன்னல்கள் திறந்தன. ஊர்ச்சனம் அவனை மனதாரத் திட்டியது. குளிரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் காலை ஃபெர்கஸ் பைப் வாசித்துக்கொண்டு முன்னால் நடக்க, கில்ட் என்னும் இரவல் மடிப்புப் பாவாடையில் ரிமாஸ் தேவாலயத்துக்கு வந்தான். கடலில் முங்கியும், வெந்நீரில் ஊறியும், அம்மா கல் வைத்துத் தேய்த்தும் காதுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோடு போகவில்லை. மேஜைமேல் மணமக்கள் சேர்ந்து குடிக்கும் இரட்டைக் கைப்பிடி வைத்த விஸ்கிக் கிண்ணமும், பக்கத்தில் ரொட்டியும் உப்பும் இருந்தன. பாதிரியார் இருவர் கைகளையும் சேர்த்துவைத்து, கட்டம்போட்ட நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டார். உறுதிமொழி முடிந்ததும் முடிச்சை அவிழ்த்தார்.

நாடா வரவில்லை. ரிமாஸின் மணிக்கட்டில் எங்கோ மிச்சமிருந்த வெல்லப்பாகில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. பாதிரியார் மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"விடுங்க, அப்படியே இருக்கட்டும்," என்றாள் ரோனா.